கடல் ஏன் கரிக்கிறது? விடைகளின் வரலாறும் விடுபட்ட கேள்விகளும்

ஒரு கிலோ கடல்நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். உலகக் கடல்களில் கரைந்திருக்கும் உப்பு முழுவதையும் திரட்டி நிலப்பரப்பின் மேல் பரப்பினால் 150 மீட்டருக்கும் அதிகமான கனத்தில் அது மூடிவிடும். அந்தக் கடலில் சேரும் ஆறுகளோ நன்னீராகவே ஓடுகின்றன. நன்னீர் ஓயாமல் வந்து விழும் கடல் கரிப்பது ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு நீண்டது. புராண உலக அமைப்பில் ஏழு கடல்கள் உண்டு. பால், தயிர், நெய், கருப்பஞ்சாறு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்ததுபோல, நம்மைச் சூழ்ந்த கடலுக்கு உவர்ப்பு வாய்த்தது. அங்கே உப்பு கடலின் இயல்பு. அதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. வட ஐரோப்பியக் கதைகளில் கடலடியில் கிடக்கும் மாய அரைகல் ஓயாமல் உப்பை அரைத்துத் தள்ளுகிறது. இயற்கையான காரணம் தேடிய விடைகளின் எழுத்துப் பதிவு கிரேக்கத்தில் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டு வேதியியல், பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவியல், இருபதாம் நூற்றாண்டு ஆழ்கடல் ஆய்வு என வளர்ந்து வந்திருக்கிறது.

இந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. பெரும்பாலான கோட்பாடுகள் கடலில் கரைந்துள்ள பல பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் கதையையே கடல் முழுவதன் கதையாக எடுத்துக்கொண்டன. அவற்றின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

கரைப்பதும் விட்டுச்செல்வதும்: நீரின் இயல்பு

எந்தக் கோட்பாடும் நீரின் சில அடிப்படைப் பண்புகளில் இருந்தே தொடங்க வேண்டும். நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் நேர்கோட்டில் அமைவதில்லை, ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இதனால் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் பெறுகின்றன. உப்புப் படிகம் நீரில் விழுந்ததும் சோடியம் அயனியை ஆக்சிஜன் முகங்களும் குளோரைடு அயனியை ஹைட்ரஜன் முகங்களும் சூழ்ந்துகொள்கின்றன. அறை வெப்பநிலையில் நீருக்குள் இரு அயனிகளின் ஈர்ப்பு, வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ 78இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பிரிந்த அயனிகள் மீண்டும் சேர வலுவற்றுப் போவது இதனால்தான்.

ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 360 கிராம் சோடியம் குளோரைடு கரையும். அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடல் எட்டவில்லை. ஆகவே கரைதிறன் தீர்ந்துபோனதால்தான் கடலின் உப்பு 35 கிராமில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. கால்சியம் கார்பனேட்டின் நிலை வேறு. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அது கரைதிறனின் எல்லையைத் தாண்டியே இருக்கிறது. ஒரே நீரில் ஒரு பொருள் எல்லைக்கு வெகு கீழேயும் இன்னொன்று எல்லைக்கு மேலேயும் இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் பொருந்துமா என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுகிறது.

ஆவியாகும்போது நீர் மட்டும் மேலே செல்கிறது, அயனிகள் தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு நான்கு லட்சம் கன கிலோமீட்டருக்கும் அதிகமான நீர் கடலிலிருந்து ஆவியாகிறது. அதில் பெரும்பகுதி கடல்மேலேயே மழையாகப் பெய்துவிடுகிறது. எஞ்சியது நிலத்தில் விழுந்து, பாறைகளைக் கரைத்து, ஆறாகத் திரும்புகிறது.

அடர்த்தியிலும் கடல்நீர் தனித்தது. நன்னீர் 4 பாகை செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. கடல்நீர் உறையும் புள்ளியான மைனஸ் 1.9 பாகை வரை குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகிறது. துருவப் பகுதிகளில் குளிர்ந்த நீரும், பனிக்கட்டி உறையும்போது வெளித்தள்ளும் செறிந்த உவர்நீரும் ஆழத்துக்கு இறங்கி உலகக் கடலைச் சுற்றிவருகின்றன. இந்தச் சுழற்சியில் கடல் நன்கு கலக்க ஆயிரம் ஆண்டு அளவில் ஆகிறது. பின்னால் வரும் வாதங்களுக்கு இந்த எண் முக்கியமானது.

வியர்வை, சாம்பல், வெயில்: பழைய விடைகள்

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எம்பெடோக்ளிஸ் கடலைப் பூமியின் வியர்வை என்றார். சாம்பலில் வடித்த நீர் உப்பாவதுபோல மண்ணில் வடிந்த நீர் உப்பாயிற்று என்று சொன்னவர்களும் இருந்தனர். அரிஸ்டாட்டில் தம் வானிலை நூலின் இரண்டாம் பகுதியில் இவற்றை எடுத்துக்கொண்டு மறுத்தார். வியர்வை என்பது கவிதைக்குப் பொருந்தலாம், இயற்கையை அறிய அது போதாது என்பது அவர் கருத்து. ஆறுகள் உப்பைக் கொண்டுவருகின்றன என்றால் ஆற்றுநீர் ஏன் கரிக்கவில்லை என்றும் கேட்டார். பூமியிலிருந்து எழும் வறண்ட ஆவி மழையோடு கலந்து கடலில் சேர்கிறது, வெயில் இனிய நீரை மட்டும் மேலே இழுத்துக்கொள்கிறது, கனத்த உவர்ப்பகுதி தங்கிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இதில் நிலைத்த பகுதி, ஆவியாகும் நீர் உப்பை விட்டுச்செல்கிறது என்னும் கவனிப்பு. கடல்நீரின் ஆவி குளிர்ந்தால் நன்னீராகும் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். வாய் மூடிய மெழுகுப் பாத்திரத்தைக் கடலில் இறக்கினால் உள்ளே நன்னீர் ஊறும் என்று அவர் எழுதியது தவறு. ஆனாலும் அது நூற்றாண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டது. இந்தக் கோட்பாட்டில் அளவு இல்லை. எவ்வளவு உப்பு, எவ்வளவு காலத்தில் என்ற கேள்விகளை எழுப்ப அதற்குக் கருவியும் இல்லை.

அளவை நோக்கித் திருப்பியவர்களில் ராபர்ட் பாயில் முக்கியமானவர். 1674 அளவில் வெளிவந்த அவரது கடல் உவர்ப்பு ஆய்வு, வெயில் படும் மேற்பரப்பு நீர் மட்டுமே உப்பு, அடிநீர் நன்னீர் என்ற பழைய நம்பிக்கையை எதிர்த்தது. வெவ்வேறு இடங்களின் நீரை எடைபோட்டும், வெள்ளி கரைந்த அமிலத்தைச் சொட்டிச் சோதித்தும் உப்பின் இருப்பை ஒப்பிட்டார். நிலத்தைக் கழுவிவரும் ஆறுகளும் கடலடியில் உள்ள உப்புப் படிவுகளுமே மூலம் என்று கருதினார். அந்தக் கடலடி உப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

உப்பைக் கடிகாரமாக்கியவர்கள்

1715இல் எட்மண்ட் ஹாலி இந்தக் கேள்வியை இன்னொரு கேள்வியோடு இணைத்தார். வெளியேறும் ஆறு இல்லாத ஏரிகள் உப்பாக இருக்கின்றன. காஸ்பியனும் சாக்கடலும் சான்று. கடலும் அத்தகைய ஏரியே என்றால் அதன் உப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போக வேண்டும். இன்று அளந்து, சில நூற்றாண்டு கழித்து மீண்டும் அளந்தால் உயர்வின் வேகம் தெரியும். அதிலிருந்து உலகின் வயதைக் கணக்கிடலாம். பண்டைய கிரேக்கரும் ரோமரும் தங்கள் காலத்துக் கடலின் உவர்ப்பை அளந்து வைக்கவில்லையே என்று அவர் வருந்தினார்.

ஹாலி கருதியதைக் கணக்காகச் செய்து காட்டியவர் அயர்லாந்தின் ஜான் ஜோலி. 1899இல் அவர் கடலில் உள்ள மொத்த சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். கடலிலிருந்து காற்றில் எழுந்து மழையோடு திரும்பும் உப்புக்காக ஒரு திருத்தம் செய்தார். கிடைத்த விடை 8 கோடி முதல் 9 கோடி ஆண்டுகள். கெல்வின் பிரபு பூமி குளிரும் வேகத்திலிருந்து 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்று கணித்திருந்த காலம் அது. நீண்ட காலம் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்த நிலவியலாளர்களுக்கு ஜோலியின் எண் துணைநின்றது.

பின்னர் கதிரியக்கத்தின் மூலம் பாறைகளின் வயது அளக்கப்பட்டபோது அந்த எண் வீழ்ந்தது. 1950களில் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று நிலைபெற்றது. ஜோலியின் கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை, முற்கோள்கள் பொருந்தவில்லை. கடல் சோடியமின்றித் தொடங்கியது, வந்த சோடியம் வெளியேறவே இல்லை, ஆறுகள் எக்காலத்திலும் இதே அளவில் கொண்டுவந்தன என்ற மூன்றுமே ஐயத்துக்குரியவை. இவற்றுள் இரண்டாவதுதான் கேள்வியையே புரட்டிப்போட்டது. உப்பு வரும் வழியை மட்டும் இருபது நூற்றாண்டுக்கு மேல் தேடிய ஆய்வு, அது போகும் வழியைத் தேடத் தொடங்கியது.

ஆற்றுநீர் வேறு, கடல்நீர் வேறு

போகும் வழி உண்டு என்பதற்கான சான்று கடலின் வேதியியல் கட்டமைப்பிலேயே இருந்தது. 1819இல் அலெக்சாண்டர் மார்செட் வெவ்வேறு கடல்களின் நீரைப் பகுத்து, உப்பின் மொத்த அளவு மாறினாலும் அதன் உறுப்புகளின் விகிதம் ஏறத்தாழ மாறவில்லை என்று கண்டார். டென்மார்க்கின் ஃபோர்ச்ஹாமர் 1865இல் நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் கொண்டு இதை வலுப்படுத்தினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் திரட்டிய நீரிலிருந்து 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்து 1884இல் வெளியிட்ட முடிவு இதற்கு உறுதியான அடித்தளம் தந்தது. எடையில் குளோரைடு ஏறத்தாழ 55 விழுக்காடு, சோடியம் 31, சல்பேட் 8, மக்னீசியம் 4, கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் ஒன்றைச் சற்றுத் தாண்டும். இந்த ஆறும் சேர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேல்.

இந்த விகிதம் நிலையாக இருந்ததால், குளோரைடை மட்டும் அளந்து மொத்த உவர்ப்பைக் கணக்கிட முடிந்தது. 1978க்குப் பின் மின்கடத்துதிறனை அளந்து அறியும் முறை பொதுவழக்காயிற்று. நிலைத்தன்மை முழுமையானதன்று என்பதும் பின்னர் தெளிவாயிற்று. வட பசிபிக்கின் ஆழ்நீரில் சிலிக்கா முதலியவற்றின் மிகுதியால் சிறு வேறுபாடு இருப்பதை ஏற்று, 2010இல் அறிமுகமான புதிய பன்னாட்டு வரையறை இடத்துக்கேற்ற திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டது.

ஆறுகளின் நீரோ முற்றிலும் வேறு விகிதம் கொண்டது. அதில் முதன்மையானவை கால்சியமும் பைகார்பனேட்டும். சோடியமும் குளோரைடும் பின்தங்கியவை. ஆற்றுநீரை வற்றவைத்துச் செறிவாக்கினால் கடல்நீர் கிடைக்காது, கார்பனேட் மிகுந்த வேறொரு நீரே கிடைக்கும். ஆகவே 'ஆறுகள் கொண்டுவந்த உப்பு ஆவியாதலால் சேர்ந்தது' என்னும் பாடநூல் விடை பாதியளவே உண்மை. கால்சியமும் பைகார்பனேட்டும் வந்த வேகத்தில் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். குளோரைடுக்கு வேறொரு மூலம் இருந்திருக்க வேண்டும்.

குளோரின் எங்கிருந்து வந்தது?

நார்வேயில் பணியாற்றிய வி. எம். கோல்ட்ஷ்மிட் 1930களில் ஒரு வரவுசெலவுக் கணக்கைப் போட்டார். கடலில் உள்ள சோடியத்தைத் தருவதற்கு எவ்வளவு தீப்பாறை சிதைந்திருக்க வேண்டும் என்று கணித்து, அதே பாறையில் மற்றத் தனிமங்கள் எவ்வளவு இருக்கும் என்று ஒப்பிட்டார். சோடியம், மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றுக்குப் பாறை போதுமானதாக இருந்தது. குளோரினுக்குச் சிறிதும் போதவில்லை. சராசரிப் பாறையில் குளோரின் அவ்வளவு குறைவு.

1951இல் அமெரிக்க நிலவியலாளர் வில்லியம் ரூபி இதை விரிவாக்கினார். நீர், கார்பன், குளோரின், நைட்ரஜன் போன்றவை பாறைச் சிதைவால் விளக்க முடியாத மிகுதிப் பொருள்கள். அவை பூமியின் உட்பகுதியிலிருந்து எரிமலைகள், வெந்நீர் ஊற்றுகள் வழியே வாயுக்களாக வெளிவந்தவை என்றார். எரிமலை வாயுக்களில் ஹைட்ரஜன் குளோரைடு இன்றும் காணப்படுவது இதற்குத் துணை. இப்பார்வையில் கடல்நீர் இரு கொடையாளர்களின் கூட்டுப்பொருள்: பூமியின் உள்ளிருந்து வந்த அமில வாயுக்கள் பாறையைத் தாக்கின, பாறை சோடியம் முதலியவற்றைத் தந்து அமிலத்தைச் சமன் செய்தது.

குளோரின் பூமியின் உட்பகுதியிலிருந்து வந்தது என்பதில் இன்று பரந்த உடன்பாடு உண்டு. காலம் பற்றித்தான் கருத்து வேறுபாடு. பூமியின் வரலாறு நெடுகச் சிறிது சிறிதாக வந்தது என்று ரூபி கருதினார். பெரும்பகுதி தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. அப்படியானால் கடல் தொடக்கம் முதலே உப்பாக இருந்திருக்கும். நன்னீராகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கரித்தது என்ற ஹாலியின் படம் மறைகிறது.

வெளியேறும் வழிகள்

1952இல் டி. எஃப். டபிள்யூ. பார்த் தங்கு காலம் என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு தனிமம் கடலில் எவ்வளவு இருக்கிறது என்பதை, ஆண்டுதோறும் எவ்வளவு வருகிறது என்பதால் வகுத்தால் அது கடலில் சராசரியாகத் தங்கும் காலம் கிடைக்கும். ஜோலி செய்த அதே வகுத்தல்தான்; இப்போது விடையின் பொருள் வேறு. அது கடலின் வயது இல்லை, தனிமம் உள்ளே வந்து வெளியேற எடுக்கும் காலம். ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் 10.8 கிராம், ஆற்றுநீரில் சில மில்லிகிராம். கடலின் கொள்ளளவை நிரப்ப ஆறுகளுக்கு 35 முதல் 40 ஆயிரம் ஆண்டு பிடிக்கும். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் சோடியம் ஆறு, ஏழு கோடி ஆண்டு அளவில் தங்குகிறது. குளோரைடு அதனினும் நீண்டு, பத்துக் கோடி ஆண்டு அளவில். மக்னீசியம் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். கால்சியம் பத்து லட்சம் ஆண்டு. பைகார்பனேட் ஒரு லட்சம் ஆண்டு அளவுதான்.

கடல் கலக்க ஆகும் ஆயிரம் ஆண்டோடு இவற்றை ஒப்பிட்டால் டிட்மார் கண்ட மாறா விகிதத்தின் காரணம் புலப்படுகிறது. முதன்மை அயனிகள் வெளியேறும் முன் பன்னூறு முறை கலந்துவிடுகின்றன. கடலின் உப்பை ஒற்றைப் பொருளாகப் பேசுவது ஏன் தவறான முடிவுகளைத் தந்தது என்பதும் புரிகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் காலம், தனி வாயில்.

கால்சியத்தின் வாயில் உயிர்கள். பவளங்களும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களும் நுண்பாசிகளும் கால்சியம் கார்பனேட்டால் ஓடு கட்டுகின்றன. அவை இறந்தபின் அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. சல்பேட்டை ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஒடுக்கி இரும்புச் சல்பைடாகப் படியச்செய்கின்றன.

சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உயிர்கள் அப்படி உதவுவதில்லை. அவற்றின் பெரிய வாயில் ஆவிப்படிவு. தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பது இதன் சிறிய வடிவம். கடல்நீர் வற்ற வற்ற முதலில் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும், கனஅளவு பத்தில் ஒரு பங்கானபின் சோடியம் குளோரைடும் படிகின்றன. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் கடைசியில் மிஞ்சுகிறது. நிலவியல் வரலாற்றில் இதே வரிசை, ஏறத்தாழ அடைபட்ட கடல்களில் மாபெரும் அளவில் நடந்திருக்கிறது. 1970இல் குளோமர் சேலஞ்சர் கப்பலின் துளையிடல், மத்தியதரைக்கடலின் அடியில் கனத்த உப்புப் படிவு இருப்பதை வெளிப்படுத்தியது. ஏறத்தாழ 59.7 லட்சம் ஆண்டு முதல் 53.3 லட்சம் ஆண்டுக்கு முன்புவரை அட்லாண்டிக்கோடு அதன் தொடர்பு சுருங்கியபோது அது படிந்தது. உலகக் கடலின் உப்பில் 5 முதல் 10 விழுக்காடு வரை அங்கே பூட்டப்பட்டதாக மதிப்பீடுகள் உண்டு.

ஆவிப்படிவு தொடர்ந்து நடப்பதில்லை. கண்டங்களின் அமைப்பு இடம் கொடுத்தால் நடக்கிறது, இல்லையேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்கிறது. இன்று மத்தியதரை அளவில் எங்கும் படியவில்லை. ஆகவே குளோரைடின் வரவும் செலவும் எந்தக் குறிப்பிட்ட காலத்திலும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தங்கு காலக் கணக்கு சமநிலையை முற்கோளாகக் கொள்வது. நீண்ட காலம் தங்கும் தனிமங்களுக்கு அந்த முற்கோளே அதன் பலவீனம்.

களிமண்ணா, வெந்நீர் ஊற்றா?

மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் வாயில்தான் கடும் விவாதத்துக்கு உள்ளானது. ஸ்வீடன் வேதியியலாளர் லார்ஸ் குன்னார் சில்லன் 1959இல் ஒரு துணிவான கருத்தை முன்வைத்தார்: கடல்நீரின் கட்டமைப்பு, அது தொடும் களிமண் கனிமங்களோடு வேதியியல் சமநிலையில் நிற்பதால் நிலைக்கிறது. ஆறுகள் எதைக் கொண்டுவந்தாலும் கனிமங்கள் மிகுதியை ஏற்றும் குறைவை ஈடுசெய்தும் கடலைக் காக்கும். 1966இல் ஃபிரெட் மெக்கன்சியும் ராபர்ட் காரல்ஸும் இதை எதிர்ச் சிதைவு என்ற வடிவில் வளர்த்தனர். நிலத்தில் பாறை சிதைந்து களிமண்ணும் அயனிகளுமாகிறது. கடலில் அந்தக் களிமண் அயனிகளை மீண்டும் ஏற்றுப் புதுக் கனிமமாகிறது.

இதன் கவர்ச்சி, ஒரே தத்துவத்தால் கடல் முழுவதையும் விளக்க முயன்றது. தடை சான்றில் இருந்தது. கடலடிச் சேற்றில் உள்ள களிமண் பெரும்பாலும் நிலத்திலிருந்து வந்த அதே களிமண்ணாகத் தோன்றியது. போதிய அளவு மாற்றம் தென்படவில்லை. கோட்பாடு சில காலம் ஓரங்கட்டப்பட்டது. 1995இல் அமேசான் கழிமுகச் சேற்றில் புதுக் களிமண் கனிமங்கள் விரைவாக உருவாவது காட்டப்பட்டபின் அது மீண்டும் கவனம் பெற்றது. உலகளவில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை.

இடையில் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு போட்டி விடை வந்தது. 1977இல் ஆல்வின் ஆழ்கடல் ஊர்தி கலாபகஸ் அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. 1979இல் கிழக்குப் பசிபிக் மலைத்தொடரில் 350 பாகையைத் தாண்டும் கரும்புகை ஊற்றுகள் கண்டறியப்பட்டன. நடுக்கடல் மலைத்தொடர்களில் கடல்நீர் வெடிப்புகள் வழியே இறங்கி, சூடான எரிமலைப் பாறையோடு வினைபுரிந்து மேலேறுகிறது. அப்பயணத்தில் அது தன் மக்னீசியத்தை ஏறத்தாழ முழுவதும் இழக்கிறது, சல்பேட்டையும் இழக்கிறது, கால்சியம், பொட்டாசியம், லித்தியம், சிலிக்கா ஆகியவற்றைப் பெறுகிறது. ஆறுகள் தரும் மக்னீசியத்துக்கு ஈடான அளவை ஊற்றுகளே அகற்றிவிடக்கூடும் என்று ஜான் எட்மண்டும் பிறரும் 1979இல் கணித்தனர்.

கடலடியை வெறும் தாங்குதளமாகக் கருதிய பார்வை இதனால் மாறியது. எனினும் முதற்கணிப்புகள் உயர்ந்தவை என்று பின்வந்த ஆய்வுகள் சுட்டின. மலைத்தொடரின் வெப்பத்தில் பெரும்பகுதி உச்சியிலுள்ள கொதி ஊற்றுகளில் வெளியேறவில்லை; பக்கவாட்டுச் சரிவுகளில் மிதமான வெப்பத்தில் கசியும் நீரோடு வெளியேறுகிறது. அந்நீரின் வேதிமாற்றம் சிறியது, ஆனால் அளவு பெரியது, அளப்பதும் கடினம். கடலோரங்களில் நிலத்தடியாக வெளிவரும் நீரும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. அட்லாண்டிக்கில் அதன் அளவு ஆறுகளின் நீரளவோடு ஒப்பிடத்தக்கது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் பெரும்பகுதி மணலுக்குள் சென்று திரும்பும் கடல்நீர் என்பதால், அது நிகரமாக எதைச் சேர்க்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

பழங்கடலின் சாட்சி

இக்கோட்பாடுகளைச் சோதிக்க ஒரு வழி, பழங்கடலின் நீரையே பார்ப்பது. உப்புப் படிகம் வளரும்போது நுண்ணிய நீர்த்துளிகள் அதனுள் சிறைப்படுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான பாறை உப்பில் உள்ள அத்துளிகளைப் பகுத்த டிம் லோவென்ஸ்டைன் முதலியோர் 2001இல் வெளியிட்ட முடிவு, கடலின் கட்டமைப்பு கடந்த 50 கோடி ஆண்டுகளில் கணிசமாக ஏறி இறங்கியதைக் காட்டியது. இன்று மக்னீசியம் அணுக்கள் கால்சியம் அணுக்களைப்போல ஐந்து மடங்கு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அந்த விகிதம் ஒன்றை ஒட்டியே இருந்தது. பழங்காலச் சுண்ணாம்புப் படிவுகளில் கால்சைட், அரகொனைட் என்னும் இரு வகைப் படிகங்கள் மாறி மாறி மேலோங்கியதை 1983இலேயே சான்ட்பெர்க் சுட்டியிருந்தார். இரு சான்றுகளும் ஒத்துப்போகின்றன.

மாறாத சமநிலைக் கடல் என்ற சில்லனின் படத்துக்கு இது பெரும் அடி. காரணம் என்ன என்பதில்தான் பிளவு. நடுக்கடல் மலைத்தொடர்கள் விரைந்து விரிந்த காலங்களில் ஊற்றுகள் மிகுந்து மக்னீசியம் குறைந்தது என்றார் லாரன்ஸ் ஹார்டி, 1996இல். கடலடி விரியும் வேகம் கடந்த 18 கோடி ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை என்ற எதிர்வாதம் உண்டு. ஆழமற்ற கடல்களில் மக்னீசியத்தை ஏற்கும் டோலமைட் பாறை எவ்வளவு உருவாயிற்று என்பதே முதற்காரணம் என்பாரும் உளர். ஒரு தரவுக்குப் பல விளக்கம் பொருந்தும் நிலை இது.

உப்பின் மொத்த அளவைப் பற்றிய சான்று இன்னும் மெலிந்தது. கண்டங்கள் சிறியவையாக இருந்த தொடக்கக் காலத்தில் உப்பைப் பூட்டிவைக்க நிலப்படுகைகள் குறைவு. ஆகவே கடல் இன்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கரித்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. அவ்வளவு பழைய உப்புப் படிவுகள் கிடைப்பது அரிது என்பதால் இது ஏற்கத்தக்க ஊகமாகவே நிற்கிறது. ஹாலியின் கடல் காலத்தோடு உப்பேறியது. இந்தக் கருத்தின்படி அது காலத்தோடு உப்பு குறைந்தது.

இன்றைய கடலில் ஏற்றத்தாழ்வு

மொத்த உப்பு கோடி ஆண்டுகளில் மாறுவது. ஓரிடத்தின் உவர்ப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவது. முதலாவதைத் தீர்மானிப்பது உப்பின் வரவுசெலவு, இரண்டாவதைத் தீர்மானிப்பது நீரின் வரவுசெலவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது பொதுவாசிப்பில் அடிக்கடி நேர்கிறது.

இந்தியாவின் இரு கரைகளும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரபிக்கடலில் மழையைவிட ஆவியாதல் மிகுதி. அதன் மேற்பரப்பு உவர்ப்பு 36 கிராமை எட்டுகிறது. வங்கக்கடலில் மழையும் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி நீரும் ஆவியாதலை விஞ்சுகின்றன. பருவமழைக்குப் பின் அதன் வடபகுதி 30 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. உப்புக் குறைந்த இந்த மேல்நீர் இலேசானது என்பதால் மெல்லிய படலமாக மிதந்து, கீழுள்ள குளிர்நீரோடு கலப்பதைத் தடுக்கிறது. மேற்பரப்பு சூடாகவே இருப்பதற்கும் புயல்கள் வலுப்பெறுவதற்கும் இதில் பங்குண்டு. மழைக்காலத்தின் பிற்பகுதியில் இந்நீர் தமிழகக் கரையோரமாகத் தெற்கே நகர்ந்து, இலங்கையைச் சுற்றி அரபிக்கடலின் தென்கிழக்கை அடைகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு கூடிவருகிறது என்பது அண்மைக் காலத்தின் முக்கியக் கண்டுபிடிப்பு. 1950க்குப் பிறகு உப்பு மிகுந்த பகுதிகள் மேலும் உப்பாகவும் குறைந்த பகுதிகள் மேலும் குறைந்தும் வந்துள்ளன. வெப்பமான காற்று அதிக நீராவியைச் சுமக்கும் என்ற எதிர்பார்ப்போடு இது பொருந்துகிறது. உலகக் கடல்களில் மிதந்து, ஆழத்தில் இறங்கி ஏறி அளக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இதைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன. கடலுக்கு மேல் மழையை அளப்பது கடினம் என்பதால், மழையும் ஆவியாதலும் எப்படி மாறுகின்றன என்பதை உவர்ப்பின் வழியே அறிவது இன்று ஒரு முதன்மை முறையாகியிருக்கிறது.

எது உறுதி, எது திறந்திருக்கிறது

சில முடிவுகள் உறுதியானவை என்று கொள்ளலாம். கடலின் சோடியமும் பிற உலோக அயனிகளும் பெரும்பாலும் பாறைகளிலிருந்து வந்தவை. குளோரின் பூமியின் உட்பகுதியிலிருந்து வந்தது. கடலின் உப்பளவு கரைதிறனால் வரையறுக்கப்படவில்லை. வரவுக்கும் செலவுக்கும் இடையிலான உறவால் அமைகிறது. விகிதத்தின் நிலைத்தன்மைக்குக் காரணம், கலப்பின் காலம் தங்கு காலத்தைவிட மிகக் குறுகியது என்பது. உப்பைக் கொண்டு கடலின் வயதை அறிய முடியாது.

திறந்திருப்பவையும் எளியவை அல்ல. மக்னீசியத்தை அகற்றுவதில் ஊற்றுகள், டோலமைட், களிமண் ஆகியவற்றின் பங்குகள் தனித்தனியே எவ்வளவு? தொடக்கக் கடலின் உவர்ப்பு எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நிலைத்தன்மை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பொறியமைப்பா, அல்லது பெரும் சேமிப்பு மெதுவாக மாறுவதால் ஏற்படும் தோற்றமா? கால்சியத்துக்கும் பைகார்பனேட்டுக்கும் முதல் விடை பொருந்தும். மிகுந்தால் அவை படிந்துவிடும். குளோரைடுக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தெரிகிறது. அதன் செறிவு கூடுவதாலேயே ஓர் ஆவிப்படுகை தோன்றிவிடுவதில்லை, கண்டங்கள் நகர்ந்தால்தான் தோன்றுகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் இடையில் நிற்கின்றன. விவாதம் அங்கே தொடர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த வேறுபாடு நடைமுறையிலும் பொருள் உள்ளது. மனிதச் செயலால் கடலின் சோடியமோ குளோரைடோ உலகளவில் மாறும் வாய்ப்பு மிகக் குறைவு; அவற்றின் சேமிப்பு அவ்வளவு பெரியது. குறுகிய காலமே தங்கும் கார்பனேட் வேறு. நாம் வெளியிடும் கரியமில வாயுவை ஏற்றுக் கடலின் கார்பனேட் சமநிலை சில பத்தாண்டுகளிலேயே அளந்தறியத்தக்க அளவு நகர்ந்திருக்கிறது. அது தானாகச் சீராகும். ஆனால் அச்சீரமைப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். 'கடல் பெரியது, தாங்கிக்கொள்ளும்' என்ற நம்பிக்கை குளோரைடு அளவில் சரியாகவும் கார்பனேட் அளவில் தவறாகவும் இருக்கிறது.

கடல் ஏன் கரிக்கிறது என்ற கேள்விக்கு ஒற்றை விடை தந்த கோட்பாடுகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டிருக்கின்றன. அவை கண்டறிந்த வழிகளோ பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. இனி வரும் முன்னேற்றம் இன்னொரு பெருங்கோட்பாட்டிலிருந்து வருவதைவிட, மலைத்தொடர்ச் சரிவுகளிலும் கழிமுகச் சேற்றிலும் கடலோர நிலத்தடியிலும் செய்யப்படும் பொறுமையான அளவீடுகளிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.